தூங்காத கண்

பிரஸ் மெஷின் விற்கிற ஸ்டால்களில் வழக்கமாக வெள்ளரிக்காயைத்தான் பலி கொடுப்பார்கள். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைக்கிற அந்த இயந்திரத்தின் வாய்க்குள் முதலில் ஒரு வெள்ளரிக்காயை வைத்து நசுக்கிக் காட்டுவார்கள். பிறகு பாதுகாப்புக் கருவியைப் போட்டுவிட்டு இன்னொன்றை நீட்டுவார்கள். இயந்திரம் பாதியில் நின்றுவிடும். கூட்டம் ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு, எதிர் ஸ்டாலில் சும்மா தருகிற துணிப்பையை வாங்கப் போய்விடும்.

இந்த ஸ்டாலில் மட்டும் ஒரு பெண் தன் கையை விடுவாள்.

"வெள்ளரிக்காயைக் காட்டுறவன் சாலட் விக்கிறான். கையைக் காட்டுறவன்தான் நம்பிக்கையை விக்கிறான்" என்பார் முதலாளி. ஸ்டாலில் அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. யாரும் உட்காரக் கூடாது. யாரும் எதையும் மெல்லக் கூடாது. போனைப் பார்க்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் வாடிக்கையாளருக்குக் கதவைச் சாத்துவது மாதிரி. முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது. கண்காட்சி தொடங்கும் ஒவ்வொரு காலையும் இதையெல்லாம் ஒப்பித்துவிட்டு, சட்டைக் காலர்களைச் சரிபார்ப்பார்.

உட்கார அனுமதி பெற்ற ஒரே ஆள் மெக்கானிக். அவனுடைய ஸ்டூல் பின்பலகைக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பலகையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய கண் வரைந்திருந்தது. கீழே 'தூங்காத கண்' என்று எழுதியிருந்தது. கம்பெனி தன் பாதுகாப்புக் கருவிக்கு வைத்த பெயர். கருமணியின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டையில்தான் மெக்கானிக் தன் கண்ணை வைத்திருப்பான். வலது காலுக்கடியில் ஒரு பெடல். அதை மிதித்தால் இயந்திரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அந்தக் கருவி ஒன்றும் போலி அல்ல. இயந்திர வாயின் இருபுறமும் இரண்டு கம்பங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஓடும். கை குறுக்கே போனால் கதிர் அறுந்து, பிரேக் பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலையில் மெக்கானிக் தன் கையாலேயே பூட்டி, சோதித்து, சலித்துப்போன விஷயம். ஆனால் ஒரு கண்காட்சியில், ஹால் கூரையில் புதிதாகப் போட்டிருந்த விளக்குகளின் கீழே, ஒரு மரக்கட்டையை நீட்டிப் பார்த்தான். நின்றது. மறுபடி நீட்டினான். நின்றது. மூன்றாவது முறை கட்டை சப்பளிந்துபோயிற்று. கதிர் அறுந்தது கருவிக்குத் தெரியவில்லை. மேலே இருந்த வெளிச்சத்தையே தன் கதிர் என்று நினைத்துக்கொண்டது.

அவன் கட்டையை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டினான்.

"நாளைக்குத் திறப்பு. இப்ப வந்து கட்டையைக் காட்டுற" என்றார் அவர். "சரி, தப்பு எப்பவாச்சும்தானே வருது?"

"எப்ப வரும்னு சொல்ல முடியாது சார்."

"அப்ப நீ பின்னாடி உக்காந்துக்க. அது பார்க்கலன்னா நீ பாரு. ஊருக்குத் திரும்பினதும் சரி பண்ணிடலாம்."

ஊருக்குத் திரும்பியதும் அடுத்த கண்காட்சிக்கான பெட்டிகள் கட்டத் தயாராக நின்றன. அதற்கப்புறமும் அப்படித்தான். பெடலுக்குத் தனிப் பெட்டியே வந்துவிட்டது.

கையை விடுகிற பெண் அவன் மனைவி.

இது அவர்கள் திட்டம் போட்டுச் செய்ததல்ல. அந்த விளக்குகளுக்கு முன்பு, கருவி ஒழுங்காக வேலை செய்த காலத்தில், ஏஜென்சியிலிருந்து வந்த பெண் இயந்திரத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி, டிபன் கேரியரை ஓரமாக வைத்துவிட்டு, "இதுக்கு எதுக்குங்க இவ்வளவு ஆர்ப்பாட்டம், நான் விடுறேன்" என்று முன்னே போய்விட்டாள். போனவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இதைப் பூட்டினது என் வீட்டுக்காரர். வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா ஆறு மாசம் ஆக்குவார். ஆனா அடிச்ச ஆணி அசையாது." கூட்டம் சிரித்தது. கை உள்ளே போயிற்று. இயந்திரம் நின்றது. முதலாளி அன்றைக்கே அவளுக்குச் சம்பளம் பேசிவிட்டார்.

அவளிடம் பெடலைப் பற்றி அவன் சொல்லவில்லை. முதலில், ஒரே ஒரு கண்காட்சிதானே என்று நினைத்தான். பிறகு, சொன்னால் பயப்படுவாள், பயந்தால் கை தடுமாறும் என்று நினைத்தான். அதற்குப் பிறகு, இத்தனை நாள் சொல்லாததைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்தான். பின்னால் உட்கார்ந்து மின்சாரத்தைக் கவனிக்கிறான் என்றே அவள் நம்பியிருந்தாள்.

"அந்தக் கருமணியில ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும்ங்க" என்று ஒருமுறை அவளே சொன்னாள். "நீங்க வந்து உக்காந்தா அணைஞ்சிடும். அப்பதான் நான் பேச்சை ஆரம்பிப்பேன். எனக்கு அது ஒரு ராசி."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

இந்த முறைக் கண்காட்சிக்குக் கண்ணாடிக்காரம்மா ஒருவர் வந்தார். ஒரு பெரிய தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்தார். கூட்டத்தோடு நின்று மனைவியின் பேச்சை முழுதாகக் கேட்டார். கை உள்ளே போனதையும் இயந்திரம் நின்றதையும் பார்த்தார். எல்லாரும் கைதட்டி முடித்ததும் பலகையின் பக்கவாட்டில் நடந்துபோய், பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இவர் யாரு?"

"மெயின்டனன்ஸ் ஆளு மேடம்" என்றார் முதலாளி. "இந்தம்மாவோட வீட்டுக்காரர். பூட்டினவரே அவர்தான்."

"அப்படியா. அப்ப அவரு இங்க வந்து என் பக்கத்துல நிக்கட்டும். இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்க." கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. மாடு வாங்கப் போனா பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற வழக்கம் எனக்கு."

முதலாளி பல் தெரியாமல் சிரித்தார். "தாராளமா. வாப்பா முன்னாடி."

மெக்கானிக் எழுந்து வந்தான். நடந்து வந்த அந்தக் கொஞ்ச தூரத்தில் அவன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தான்; வரவில்லை. இத்தனை கண்காட்சிகளில் எத்தனை முறை கருவி தானாக நிறுத்தியது, எத்தனை முறை தன் கால் நிறுத்தியது என்று அவனுக்கே தெரியாது. கை கதிரைத் தொடும்போதே கால் பெடலைத் தொட்டுவிடும். யார் முந்தினார்கள் என்று பார்க்க அவன் ஒருமுறையும் துணிந்ததில்லை.

மனைவி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். கருமணியில் வெளிச்சப் பொட்டு தெரிந்தது. ஒரு கணம் தயங்கினாள். பிறகு பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என் வீட்டுக்காரரே நேர்ல நிக்கிறார், கையை விடலாமா வேண்டாமான்னு அவரையே கேட்டுக்குங்க" என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தாள். இயந்திரத்தின் மேல்தாடை இறங்கத் தொடங்கியது. அவள் கையை நீட்டினாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டான்.

தாடை முழுதாக இறங்கி, டமார் என்று மூடி, மறுபடி ஏறியது.

"வேண்டாம்" என்றான் அவன்.

முதலாளி அவன் தோளில் கைபோட்டார். "பாருங்க மேடம், நட்ட நடு எக்ஸிபிஷன்ல பொண்டாட்டி மேல பாசம் பொங்குது. பின்னாடியே இருந்த மனுஷன், முன்னாடி வந்து பார்த்ததும் பயந்துட்டார்."

கூட்டம் சிரித்தது. கண்ணாடிக்காரம்மா சிரிக்கவில்லை. மேசையிலிருந்த விளம்பரத் தாள்களைச் சுருட்டித் தடியாக்கி, தானே இயந்திரத்துக்குள் நீட்டினார். நின்றது. மறுபடி நீட்டினார். நின்றது. வலமிருந்து, இடமிருந்து, கீழிருந்து, வேகமாக, மெதுவாக என்று நீட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும், யார் காலும் படாமல், சமத்துப் பிள்ளை மாதிரி நின்றது. மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கெடவேண்டிய நேரத்தில் கெடாத இயந்திரத்தை அவன் அன்றுதான் வெறுத்தான்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் அந்தம்மா அவனிடம், சற்று இரக்கத்தோடு. "நாளைக்கு எங்க பிரஸ் ஆபரேட்டர்களைக் கூட்டிட்டு வரேன். அவங்க கைதானே உள்ள போகப்போகுது. அவங்களும் பார்த்துட்டா ஆர்டர் கொடுத்திடலாம்."

சாயங்காலம் ஹால் காலியானதும் மனைவி முதன்முறையாகப் பலகைக்குப் பின்னால் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஓட்டையில் கண்ணை வைத்தாள். அவள் கால் தானாகவே பெடலைக் கண்டுபிடித்தது. மிதித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் கப்பென்று நின்றது. காலை எடுத்தாள், ஓடியது. மறுபடி மிதித்தாள்.

"எப்போலேருந்து?"

சொன்னான். மரக்கட்டையையும் சொன்னான்.

"அப்ப நான் பேசினதெல்லாம்?" என்றாள். "ஆணி அசையாதுன்னு ஊர் ஊரா சொன்னேனே?"

"ஒரு தடவைகூட உன்னைக் கவனிக்காம விட்டதில்ல. கண்ணை இமைச்சதுகூட இல்ல."

"நான் கேட்டது அது இல்ல." அவள் குரல் உயரவில்லை. "அந்தம்மா ஃபேக்டரியில பின்னாடி யாரு உக்காருவா? நீங்களா?"

"அங்க இந்த மாதிரி லைட் இருக்காது."

"தெரியுமா?"

பக்கத்திலேயே வெல்டிங் நடக்கிற இடங்கள் உண்டு. கதவைத் திறந்தால் வெயில் விழுகிற இடங்கள் உண்டு. அது அவனுக்குத் தெரியும்.

"நாளைக்கு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும். இது முடியட்டும். ஊருக்குப் போனதும் சரி பண்ணிடலாம்னு சொல்லியிருக்கார்."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ இரவல் கொடுத்த சாமான் மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"சரி. நாளைக்கு நீங்க முன்னாடி நில்லுங்க. நான் இங்க உக்காந்துக்கிறேன்."

முதலாளிக்கு இந்த யோசனை தேனாக இனித்தது. "பூட்டின கையே உள்ள போகுது. இது ஏன் எனக்கு முன்னாடியே தோணலை?" என்றார். மறுநாள் காலை, மெக்கானிக்குக் கம்பெனி முத்திரை போட்ட புதுச் சட்டையை மாட்டி, காலரைத் தானே சரிசெய்தார். மைக்கைக் கொடுத்து, "சிரிப்பு" என்று நினைவுபடுத்தினார்.

கண்ணாடிக்காரம்மா சொன்னபடியே வந்தார். பின்னால் ஆபரேட்டர்கள், வெளுத்த நீலச் சட்டைகளில். பளபளக்கும் ஹாலுக்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் ஒட்டி நின்றார்கள். அவர்களில் ஒருவர், நரைத்த மீசைக்காரர், இயந்திரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் கேட்டார்: "தம்பி, எங்க பழைய மெஷின்ல முன்னாடி ஒரு கம்பிக் கதவு இருக்கு. இதை வாங்கினா அதைக் கழட்டிடுவாங்களாம், வேலை வேகமா நடக்கணும்னு. நீ சொல்லு. இதை நம்பிக் கழட்டலாமா?"

மெக்கானிக் பலகையைத் திரும்பிப் பார்த்தான். கருமணி இருட்டாக இருந்தது. அவள் இருக்கிறாள்.

"அதான் பாருங்களேன்" என்றான்.

மைக்கை வாயருகே கொண்டுபோனான். மனைவியின் பேச்சு அவனுக்கு மனப்பாடம். அவள் சிரிப்பு வரவழைக்கிற இடங்களில் இவனுக்குக் கூட்டம் சிரிக்கவில்லை, அவ்வளவுதான். "இதைப் பூட்டினது நான். நான் பூட்டினதை நானே நம்பலன்னா வேற யாரு நம்புவா?" முதலாளி தலையாட்டினார். மேல்தாடை மெல்ல ஏறி, உச்சியில் ஒரு கணம் தங்கி, இறங்கத் தொடங்கியது. அவன் கையை நீட்டினான். கதிருக்கு ஒரு சாண் தூரத்தில், பழக்கமில்லாததால், இன்னொரு தரம் பலகையைப் பார்த்துக்கொண்டான்.

கருமணியில் வெளிச்சப் பொட்டு தெரிந்தது.

கை தானாகவே பின்னால் வந்துவிட்டது. வந்த வேகத்தில் மைக் கீழே விழுந்து உருண்டது. அதன் கீறல் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. தாடை டமார் என்று மூடியது. அவன் இடது கையால் வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பலகையின் ஓரத்தில் மனைவி நின்றாள். தோளில் பை இருந்தது. காலில் செருப்பை மாட்டியிருந்தாள்.

"அந்த மீசைக்காரர் கேட்டதுக்கு இப்ப பதில் சொல்லுங்க" என்றாள்.

முதலாளி குனிந்து மைக்கை எடுத்தார். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் யாரும் அவரைப் பார்க்கவில்லை. நீலச் சட்டைக்காரர்கள் எல்லாரும் மெக்கானிக் கட்டிப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கழட்டாதீங்க" என்றான் அவன் மீசைக்காரரிடம். மைக் இல்லாமல் அது பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. "கம்பிக் கதவைக் கழட்ட விடாதீங்க. இது சில நேரம் பார்க்கும். சில நேரம் பார்க்காது."

கண்ணாடிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றி மார்பில் விட்டார். "நேத்தே இதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். "நேத்து உள்ள போக இருந்தது உங்க சம்சாரத்தோட கை."

ஆபரேட்டர்கள் ஒருவர் பின் ஒருவராக ஸ்டாலை விட்டு இறங்கினார்கள். மீசைக்காரர் போகும்போது தன் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். எதிர் ஸ்டாலில் துணிப்பைக்கு வரிசை நின்றது. மனைவி அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு வாசலை நோக்கிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

இயந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டியவன் முன்னால் நின்றிருந்தான். ஆளில்லாத கண்ணுக்குக் கீழே தாடை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வெறும் இரும்பை மென்றுகொண்டிருந்தது.