பதினான்காவது கணக்கு

கடப்பாரை மோதிப் பாறையிலிருந்து தெறித்த சில்லு ஒன்று லோனியின் கன்னத்தைக் கீறிவிட்டுப் போனது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஓங்கி அடித்தான். குழிக்குள் கிடப்பது பாறையில்லை, அப்பாதான் என்பதுபோல் அடித்தான்.

மேட்டில் காபிக் குடுவையோடு நின்ற அவன் தங்கை ரோண்டாவுக்கு ஒவ்வொரு அடியும் தன் முதுகில் விழுந்தது போலிருந்தது.

பிளெவின்ஸ் குடும்பத்தில் சாவு விழுந்தால் குடும்பத்து ஆண்கள்தான் குழி வெட்ட வேண்டும். வெளியாள் கை படக்கூடாது. குழி தோண்டும் இயந்திரம் மலையேறக் கூடாது. முப்பத்தோரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுத்த ஹாஸ்கல் பிளெவின்ஸ், நெஞ்சில் தூசி அடைத்துச் செவ்வாய்க்கிழமை செத்துப்போனார். நேற்று முழுக்க லோனியும் பெரியப்பா மகன் கர்ட்டிஸும் வெட்டினார்கள். இரண்டு அடிக்குக் கீழே முழுப் பாறை. ஓர் அங்குலம் அகலப்படுத்த ஒரு மணி நேரம் பிடித்தது.

"போதும்டா, ஏறி வா. பெட்டி ரெண்டு அடி ஒம்பது அங்குலம். நாம ரெண்டு அடி பத்து வெட்டியாச்சு. பன்னெண்டு மணிக்குக் கிழவன் உள்ள, நாம வீட்டுல" என்றான் கர்ட்டிஸ்.

லோனி கடப்பாரையோடு மேலேறினான். பெட்டியின் அளவுகளை அச்சடித்து, ஈமச்சடங்கு நடத்தும் ஆட்கின்ஸ் கொடுத்திருந்த காகிதம் ஒரு கல்லின் கீழ் படபடத்துக்கொண்டிருந்தது. ரோண்டாவின் மகள் மேசி குத்துக்காலிட்டு அதைப் படித்தாள். பதின்மூன்று வயது. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் படித்துவிடுவாள்.

"லோனி மாமா, இதுல அகலம் ரெண்டு பாயிண்ட் ஒம்பது அடின்னு போட்டிருக்கு."

"அதான் வெட்டியிருக்கோம்."

"அது ஒம்பது அங்குலம் இல்ல மாமா. அடிக்குப் பன்னெண்டு அங்குலம். பாயிண்ட் ஒம்பதுன்னா கிட்டத்தட்ட பதினொண்ணு வரும். பெட்டி உள்ள போகாது."

கர்ட்டிஸ் வாய்விட்டுச் சிரித்தான். "பாருடா, நம்ம வீட்டுல ஒரு வாத்தியாரம்மா. இது பிளெவின்ஸ் ரத்தமே இல்ல ரோண்டா, ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டாங்க."

லோனி சிரிக்கவில்லை. கையில் கடப்பாரை அப்படியே இருந்தது. கன்னத்து ரத்தம் தாடியில் இறங்கியிருந்தது.

"என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

மேசி வாய் திறந்தாள். அதற்குள் ரோண்டாவின் கை அவள் கன்னத்தில் விழுந்தது. சத்தம் குழிக்குள் போய்த் திரும்பி வந்தது.

"பெரியவங்க வேலை செய்யிறப்போ வாயை மூடிக்கிட்டு இரு."

லோனி கடப்பாரையைப் புல்லில் எறிந்துவிட்டுக் காபிக்குக் கை நீட்டினான். விஷயம் முடிந்துவிட்டது. அடி விழுந்தாகிவிட்டதே.

ரோண்டாவின் அம்மா செய்ததும் இதைத்தான். சாப்பாட்டு மேசையில் அப்பாவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டதுமே அவள் முந்திக்கொண்டு பிள்ளையை அறைந்துவிடுவாள். அவள் அறைந்தால் கன்னம்தான் சிவக்கும். அப்பா அடித்தால் எலும்பு. ரோண்டா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மேசி அழவில்லை, காகிதத்தைப் பழையபடி கல்லின் கீழ் வைத்துவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.

ஒரு நாள் மட்டும் அம்மாவால் முந்த முடியவில்லை. லோனிக்குப் பதினொரு வயது, ரோண்டாவுக்குப் பத்து. கணக்குப் புத்தகத்தில் பதினான்காவது கணக்கு: முக்காலிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி. அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் விடைகளை வைத்துக்கொண்டுதான் மகனுக்குப் பாடம் நடத்துவார்.

"அஞ்சு கீழ பன்னெண்டு" என்றான் லோனி.

அப்பா கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். இரும்பு அளவுகோல் இறங்கியது.

"அஞ்சு கீழ பன்னெண்டு."

மறுபடி இறங்கியது. மூன்றாவது முறையும் அதையேதான் சொன்னான். அதற்குப் பிறகு வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் சொன்னான். ஏழு, இரண்டு, நூறு. அப்பா அவன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்துச் சுத்தியலின் பிடியால் ஒரு போடு போட்டார். ஆள்காட்டி விரல் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கார் கதவில் நசுங்கியது என்று எழுதிக்கொண்டார்கள்.

அதன்பின் லோனி கணக்கு வகுப்பில் வாய் திறக்கவில்லை. பத்தாம் வகுப்போடு சுரங்கத்தில் இறங்கினான். "எங்காளுங்களுக்குக் கணக்கு வராது, ரத்தத்துலயே கிடையாது" என்று மதுக்கடையில் பெருமைபோலச் சொல்லிச் சிரிப்பான். ரோண்டா வேறு வழி கண்டுபிடித்தாள். கணக்குப் பரீட்சையில் வெற்றுத் தாளையே கொடுத்துவிடுவாள். எழுதினால்தானே தப்பு. வெற்றுத் தாளுக்கு அப்பாவும் அடித்ததில்லை. "பொட்டப் புள்ளைக்கு எதுக்குக் கணக்கு" என்று விட்டுவிட்டார்.

இப்போது அவள் கறுப்புக் கோட்டுப் பையில் மேசியின் பள்ளிக்கூடத்துப் படிவம் நான்காக மடிந்து கிடந்தது. மேசியை உயர் கணக்கு வகுப்புக்கு மாற்றலாம் என்று ஆசிரியை எழுதியிருந்தார். பெற்றோர் கையெழுத்து வேண்டும். இன்றுதான் கடைசி நாள். இரண்டு வாரமாக அதைப் பையில் வைத்துக்கொண்டே சுற்றினாள். பிள்ளை அங்கே போய்த் தோற்றால்? தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து நின்றால், தன் கை என்ன செய்யும்?

பன்னிரண்டு மணிக்குப் பெட்டி மலையேறியது. ஹாஸ்கலுக்குப் பெரிய உடம்பு, அதற்கேற்ற பெட்டி. ஆறு பேர் மூச்சு வாங்கச் சுமந்து வந்து வார்ப்பட்டைகளில் இறக்கினார்கள். போதகர் மண்ணை மண்ணுக்கே ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது பெட்டி இரண்டு அடி இறங்கியது. பாறை விளிம்பில் இடித்து நின்றது.

"கொஞ்சம் அசைங்க" என்றார் ஆட்கின்ஸ்.

அசைத்தார்கள். மரம் பாறையில் உரசிக் கிறீச்சிட்டது. தலைப்பக்கம் ஏறிக்கொள்ள, கால்பக்கம் சாய்ந்தது. உள்ளே ஏதோ கனமாக நகர்ந்தது. சர்ச்சுப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"உயிரோட இருக்கறப்பவும் சொன்ன பேச்சு கேட்கமாட்டாரு" என்று கர்ட்டிஸ் முணுமுணுத்தான். "எத்தனை அங்குலம்டா விட்ட, லோனி? விரல் விட்டு எண்ணினியா?"

அவன் வாயை மூடுமுன் லோனியின் முஷ்டி அங்கே போய்விட்டது. பல்லொன்று புல்லில் விழுந்தது. கர்ட்டிஸ் திருப்பி அடித்தான். இரண்டு பேரும் கல்லறை வரிசையில் உருண்டார்கள். அம்மாவின் கல்லில் கர்ட்டிஸின் தலை மோதியது. நான்கு பேர் சேர்ந்து பிரித்தார்கள். லோனி திமிறிக்கொண்டு ஓடிக் குழிக்குள் குதித்தான். பெட்டியின் மேலேயே நின்றான். பூட்ஸ் காலால் மூடியை மிதித்தான்.

"போ. உள்ள போ. போய்த் தொலை."

மூடியின் பளபளப்பு சிதறியது. ஆறாவது மிதியில் ஒரு கைப்பிடி பிய்ந்து தொங்கியது. போதகர் பைபிளை மூடிக்கொண்டு பின்வாங்கினார். யாரும் கிட்டப் போகவில்லை.

தானாகவே நிறுத்தினான். ஏறி வந்தான். கண்கள் கூட்டத்தில் யாரையோ தேடின. ரோண்டாவுக்குப் பின்னால் நின்ற மேசியிடம் வந்து நிலைத்தன. அவள் கன்னத்தில் நான்கு விரல் தடம் இன்னும் போகவில்லை.

அவன் நடந்து வந்தான். வழியில் குனிந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டான்.

ரோண்டாவின் கை தானாக எழுந்தது. எங்கே திரும்ப வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அதைக் கீழே இறக்கினாள். மகளைப் பார்த்துத் திரும்பாமல் அண்ணனுக்கு நேரே நின்றாள்.

"நகரு, ரோண்டா."

"மாட்டேன்."

"நான் அவகிட்டப் பேசணும்."

"கையில அதை வச்சுக்கிட்டா?"

அவன் கையைப் பார்த்துக்கொண்டான். கீழே போடவில்லை. "அவ காலையிலயே சொன்னா. ஊரே சிரிக்குது. எனக்குக் கணக்கு வராதுன்னு அந்தாளுக்குத்தான் முதல்ல தெரியும். பொட்டிக்குள்ள இருந்துகிட்டும் நிரூபிச்சுட்டாரு."

"உன் விடை சரிதான், லோனி."

"எது?"

"பதினாலாவது கணக்கு."

காற்றில் வார்ப்பட்டைகள் அசைந்தன. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் புரியவில்லை.

"அடுத்த வருஷம் அதே புத்தகம் எனக்கு வந்துச்சு" என்றாள் ரோண்டா. "பின்பக்கத்துல ஒத்தப்படைக் கணக்குக்கு மட்டும்தான் விடை இருக்கும். பதிமூணு இருந்துச்சு, பதினஞ்சு இருந்துச்சு. பதினாலுக்குக் கிடையாது. அவரு பதினஞ்சோட விடையைப் பார்த்துக்கிட்டு உன்னை அடிச்சாரு."



"அஞ்சு கீழ பன்னெண்டு" என்றான் லோனி.

"ஆமா."

"முப்பத்தஞ்சு வருஷமா உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"முதல்ல அவருக்குப் பயந்தேன். அப்புறம் உனக்கு."

அவன் கடப்பாரையை ஓங்கினான். ரோண்டா கண்ணை மூடவில்லை. அவள் காலடிக்கு ஒரு முழம் தள்ளி அது மண்ணில் ஆழமாக இறங்கி நின்றது. அதைப் பிடித்தபடியே லோனி மண்டியிட்டான். அவன் முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை.

ஆட்கின்ஸின் ஆட்கள் பெட்டியை மேலே தூக்கிப் பலகையில் வைத்தார்கள். கர்ட்டிஸ் வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தான்.

"உங்க பேனாவைக் குடுங்க" என்று ரோண்டா ஆட்கின்ஸிடம் கேட்டாள். வந்தவர்கள் பெயர் எழுதும் புத்தகத்தோடு கட்டியிருந்த பேனா அது. சவ வண்டியின் முன்மூடியில் படிவத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டாள். பெயர் கோட்டைத் தாண்டிப் போனது. காகிதத்தை மேசியின் கோட்டுப் பையில் திணித்தாள். மேசி என்னவென்று பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

லோனி எழுந்து வந்தான். இடுப்பிலிருந்த அளவு டேப்பைக் கழற்றி மேசியிடம் நீட்டினான்.

"எவ்வளவு வெட்டணும்?"

"முதல்ல பெட்டியை மறுபடி அளக்கணும் மாமா. காகிதத்தை நம்ப வேண்டாம்."

"சரி."

அவள் பெட்டியின் ஒரு பக்கம் போனாள். அவன் மறுபக்கம் மண்டியிட்டு, பிய்ந்த கைப்பிடிக்குப் பக்கத்தில் டேப்பின் முனையை அழுத்திப் பிடித்தான். கட்டை விரல் படிந்தது. நடுவிரல் படிந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் வளைந்து டேப்பின் மேல் தூக்கி நின்றது.

"நேராப் பிடிச்சிருக்கேனா?" என்றான்.

"நேராதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மேசி குனிந்து எண்ணைப் படித்தாள்.