தூங்கப் போன அறை

மூன்றாம் மாடி வீட்டின் படுக்கையறை காணாமல் போவதற்கு முன் அங்கே கடைசியாகக் கேட்ட பேச்சு டீயைப் பற்றியது. லிப்ட் பழுதுபார்க்கும் கணவன் வேலை முடிந்து வந்து, மூடிய கதவுக்கு வெளியே நின்று, “டீ போடட்டுமா?” என்றான். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் மனைவி, “இன்னும் கொஞ்ச நேரம் விடுங்களேன்” என்றாள். தூங்குபவரை எழுப்பக்கூடாது என்பதுதான் அந்தக் குடித்தனத்தின் ஒரே சட்டம். அவளுக்காக அவன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஹாலைக் கடப்பான். சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளே அலாரம் அடித்தது, இரண்டாம் முறை மணி ஒலித்ததும் அணைந்தது. அவள் வரவில்லை. அசதியாக இருக்கும், தூங்கட்டும் என்று விட்டான். போட்டு வைத்த டீயில் ஆடை படிந்த பிறகு கதவைத் திறந்தான். கதவுக்குப் பின்னால் சுவர் இருந்தது. ஆணி அடித்த தடம்கூட இல்லாத, காய்ந்த, வெள்ளைச் சுவர்.

சட்டம் அன்று உடைந்தது. கையால் தட்டினான், ஸ்பானரால் தட்டினான், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி இறங்கிப் பார்த்தபோது ஜன்னலும் இல்லை. கட்டடம் அந்த மாடியில் மட்டும் ஓர் அறை அகலம் உள்வாங்கியிருந்தது. மேல்வீட்டுக்காரர்களின் அறை அந்தரத்தில் நின்றது. அவர்கள் பீரோவை மட்டும் ஹாலுக்கு மாற்றிக்கொண்டார்கள். காவல் நிலையத்தில், ஆளைக் காணோம் என்றால் தேடலாம், அறையைக் காணோம் என்றால் எங்கே தேடுவது என்று கேட்டார்கள். தொழிற்சாலையில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். அவன் இரவு வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, பகலெல்லாம் சுவரில் முதுகை ஒட்டிப் படுத்தான். பகலில் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. புளித்த மாவின் வாசனை வந்தது, அவள் தலைமுடியில் வருமே, அது.

வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார். “ஒரு பெட்ரூம் வீடுன்னுதானே தம்பி குடுத்தேன்? அறை எங்க?”

“உள்ளதான்மா இருக்கு.”

“எதுக்குள்ள?”

வாடகையைக் குறைக்க வேண்டாம், பெட்ரூமுக்கும் சேர்த்தே தருகிறேன், இருக்க மட்டும் விடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவர் மசியவில்லை. சுவரை உடைத்து அறையை மீட்டு வேறு ஆளுக்கு விடுவது என்று முடிவு செய்து கொத்தனாரோடு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வெளி, அதற்கும் கீழே தெரு. உடைத்தால் அவள் எங்கே இருப்பாள் என்று கேட்டு அவன் குறுக்கே நின்றான். கொத்தனார் அவனை நகர்த்திவிட்டு, உளி வைக்க இடம் பார்த்துச் சுவரைத் தடவியவர், கையை எடுக்கவில்லை.

“அம்மா, உள்ள ஆள் தூங்குறாங்க. தூங்குறவங்க மேல நான் சுத்தியல் போடமாட்டேன்.”

“நான் கூலி குடுக்கறது உடைக்கவாய்யா, தாலாட்டுப் பாடவா?”

அப்போது சுவருக்குள் அலாரம் அடித்தது. இரண்டாம் மணியில் யாரோ அணைத்தார்கள். வீட்டுக்கார அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, “வேலைக்குக் கிளம்பற நேரமா?” என்றார்.

“ஆமாம்மா.”

“எழுந்திரிக்கலையேப்பா.”

“இன்னும் கொஞ்ச நேரம்னு சொன்னாம்மா.”

கொத்தனார் சாமான்களைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்தார்.

அதன்பின் வீட்டுக்கார அம்மா காலமாகி, அவர் மகன் அதை ஒரு பெட்ரூம் வீடாகவே கணக்கில் வைத்து வாடகை வாங்குகிறார். அவனுக்கு முடி நரைத்து, வேலையும் ஓய்ந்தது. மேல்வீட்டுக்கு யார் குடிவந்தாலும், பகலில் நாற்காலியை இழுக்கக்கூடாது என்று மற்ற குடித்தனக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். சுவரைத் தட்டுவதை அவன் விட்டுவிட்டான். சாயங்காலம் இரண்டு டம்ளர் டீ போட்டு, ஒன்றைச் சுவரோரம் வைத்து, ஆடை படிந்ததும் எடுத்துக் கழுவுகிறான். ஆறு மணிக்கு அலாரம் அடிக்கிறது, இரண்டாம் மணியில் அணைகிறது. தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும் கடிகாரம் அது.