முதலில் பார்த்தவள்

டயர் தீவுப் பக்கம் வெள்ளைச் சுறா கண்ணில் பட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஓர்கா திமிங்கிலங்கள் வந்து வெள்ளைகளை விரட்டிவிட்டுப் போன கடலில் செம்புச் சுறாக்கள்தான் மிச்சம். அந்த ஐந்து மாதமும், பயணிகளைக் கூண்டில் இறக்கிச் சுறா காட்டும் எங்கள் படகின் மேல்தட்டில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்குப் பார்த்து கேப்டன் க்ரான்வில், "வால்டா, இன்னைக்கு நீ கீழ கூண்டப் பாத்துக்க. மேல ரோஸ்லின் நிக்கட்டும்" என்றார்.

ரோஸ்லின் என் தங்கை. வேலைக்குச் சேர்ந்து ஏழே வாரம். பயணிகள் இறங்கும்போது அவள் பெயரைத்தான் கேட்டுக்கொண்டு போவார்கள். கேப்டனையே கேலி செய்வாள், அவரும் சிரிப்பார். ஒன்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட அவரைச் சிரிக்க வைத்ததில்லை.

"என்னக்கா, மூஞ்சி திரிஞ்ச பால் மாதிரி இருக்கு?" என்று மேலிருந்து குரல் கொடுத்தாள்.

"போடி. கண்ணத் தண்ணில வை."

பதினொரு மணி இருக்கும். கூண்டுக்குள் ஐந்து ஜெர்மன்காரர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் சூரை மீனின் தலையை இரையாகக் கயிற்றில் கட்டி வீசினார்.

"வெள்ளை! இடப்பக்கம்! வெள்ளைதான் அங்கிள்!" என்று மேலிருந்து கத்தினாள் ரோஸ்லின்.

திரும்பினேன். அகன்ற முதுகு, கரிய கண், சாம்பலும் வெள்ளையும் கோடு கிழித்தாற்போலப் பிரியும் விலா. சந்தேகமே இல்லை. கேப்டன் எட்டிப் பார்ப்பதற்குள் அது ஆழத்துக்குப் போய்விட்டது. அவர் ரோஸ்லினைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"வால்டா?"

"செம்பு" என்றேன். "கொஞ்சம் பெருசு. இவளுக்குப் பாக்கறது எல்லாமே வெள்ளைதான்."

கேப்டன் சிரித்துவிட்டார். என் பேச்சுக்கு, முதல்முறையாக. மேலே ரோஸ்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இங்க நின்னு பிரயோஜனமில்ல. ஆளுங்கள ஏத்து, வேற எடம் பாப்போம்" என்றார்.

கூண்டின் மூடியைத் திறந்தேன். முதலில் ஒரு வயதான பெண் ஏறினாள். அவள் கால் தளத்தில் பட்ட கணம், கூண்டுக்கு இரண்டு முழம் தள்ளித் தண்ணீர் பிளந்தது. தலை முழுக்க வெளியே வந்து, சூரைத்தலையைக் கவ்வி, அப்படியே கவிழ்ந்தது. பட்டென்று மூடியைச் சாத்தினேன்.

"வெள்ளை!" என்று கத்திய கேப்டனுக்குக் குரல் உடைந்தது. ரோஸ்லின் மேல்தட்டில் குதித்தாள், அழுதாள், சிரித்தாள். இருபது நிமிடம் அது எங்களைச் சுற்றியது. ஐந்து மாதம் நான் காத்திருந்த மீன். அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது.

திரும்பும்போது கேப்டன் கேட்டார். "ஒம்பது வருஷம் பழகுன கண்ணு. எப்படித் தப்புச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்லின் முந்திக்கொண்டாள். "வெயில் அங்கிள். கீழ நின்னா தண்ணி பூரா கண்ணுல அடிக்குது. யாருக்குமே தெரியாது."

நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும் என்பது அவள் முகத்திலேயே இருந்தது. போட்டுக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வெயிலெல்லாம் இல்ல" என்றேன். "பாத்தேன். வெள்ளைன்னு தெரியும். இவ மொதல்ல பாத்துட்டாளேன்னு பொறுக்கல."

கேப்டன் இன்ஜின் வேகத்தைக் குறைத்தார். "அந்தம்மா பாதி ஏறுறப்பவே அது வந்திருந்தா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இந்த மாசம் நீ படகுல வராத. கரையில பயணிங்க முங்கற உடுப்ப அலசு."

அவர் நகர்ந்ததும் ரோஸ்லின் என் கையைப் பிடித்தாள். "ஏன்க்கா சொன்ன? நான்தான் சமாளிச்சிட்டேன்ல?"

"நீ சமாளிச்சதுதான்டி தாங்கல."

கையை விட்டுவிட்டாள்.

கரை சேர்ந்ததும் க்ளைன்பாய் துறையில் ஜெர்மன்காரர்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, கேமராவை என்னிடம் நீட்டினார்கள். நாலு படம் எடுத்தேன். நாலிலும் அவள் அழகாகவே இருந்தாள். ஒன்றையாவது ஆட்டி எடுத்திருக்கலாம் என்று தோன்றத்தான் செய்தது.