பதினேழாவது கேள்வி

பயண ஏற்பாட்டாளர் கப்பலின் படத்தை மேஜைமேல் விரித்து, எந்தத் தளத்தில் அறை வேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டு தளங்கள், தளத்துக்கு ஒரு வண்ணம். மனிதர் துணிக்கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றின் அருமை பெருமையையும் அவிழ்த்துப் போட்டுக்கொண்டே போனார். நான் வேறு கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராம் தளம், நீச்சல் குளம்: இடுப்பெலும்பு, வருஷத்துக்குக் குறைந்தது இரண்டு நிச்சயம். எட்டாம் தளம், நடன அரங்கு: கணுக்கால், முழங்கால், ஒரு தடவை ஒரு பெரியவரின் பல் செட். ஐந்தாம் தளம், சாப்பாட்டுக்கூடம்: வயிற்றுப்போக்கும் தொண்டையில் சிக்கிய முள்ளும். காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, கப்பலில் போய் விழுந்தவர்களின் காகிதங்களைப் படித்தவள் நான். கப்பலை மட்டும் பார்த்ததில்லை.

"நடுத்தளமா குடுங்க. லிஃப்ட் பக்கத்துல," என்றேன்.

"தனியாவா மேடம்? ஒருத்தரே போனாலும் ரெண்டு பேர் வாடகை கட்டணும்."

என் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் தெருமுனை தாண்டிக்கூட என்னை எங்கும் கூட்டிப் போனதில்லை. செத்து ஒன்பது வருஷம் கழித்து அவருக்கும் சேர்த்து நான் டிக்கெட் எடுக்கிறேன். இதை அவரிடமே சொன்னேன், ஏற்பாட்டாளரிடம்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எழுபதைத் தாண்டித் தனியாக வருகிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், வெள்ளிக்கிழமைக்குள் பாலிசி வராவிட்டால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். எனக்கு எழுபத்தொன்று.

"அத நான் பாத்துக்கறேன்," என்றேன். காப்பீட்டைப் பற்றி எனக்கே பாடமா?

அலுவலகத்தில் என் பட்டப்பெயர் கத்தரி. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் என் காதில் விழுகிற தூரத்தில் சொல்வார்கள். கிளெய்மை வெட்டுவதில் எனக்கு நிகர் யாருமில்லை. உடம்பில் இருந்த நோயை மறைத்துக் கையெழுத்துப் போட்டவன் எந்தச் சந்தில் ஒளிந்தாலும் தேடிப் பிடித்து இழுத்து வந்துவிடுவேன். பழைய மருந்துச்சீட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை ரசீது, பல் டாக்டர் எழுதிய ஒரு வரி, எதுவும் போதும். என்னைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள். இருக்கட்டும். பொய் எழுதியது அவர்கள், படித்தது நான், அவ்வளவுதான். ஆனால் ஒரு குறை எனக்கு உண்டு. அந்தக் கப்பல்களில் நல்லபடியாகப் போய்த் திரும்பியவர்கள் ஒருவர்கூட எங்களுக்கு எழுதவில்லை. விழுந்தவர்கள் மட்டும்தான் எழுதினார்கள். ஒன்றுமே ஆகாத பதினான்கு நாள் எப்படியிருக்கும் என்று சாவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. இதை என் மகனிடம் சொன்னால் சிரிப்பான். அதனால் ஓய்வுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவனும் ஞாயிற்றுக்கிழமை போனில், "பாத்துப் போம்மா," என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

அன்று மாலையே என் பழைய நிறுவனத்தின் பாலிசி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரத்த அழுத்தம், ஆம். கண்புரை, ஆம், இரண்டு கண்ணும். சர்க்கரை, இல்லை. பதினேழாவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் மயக்கம் அடைந்ததுண்டா?

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, குளியலறையில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள், அடுத்துப் பார்த்தபோது வாளிக்குப் பக்கத்தில் கிடந்தேன். குழாய் திறந்தபடி இருந்தது. வாளி நிரம்பி வழிந்திருந்தது என்றால் இரண்டு நிமிஷமாவது இருக்கும். எழுந்தேன், துடைத்தேன், காபி போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. மற்றவர்கள் பயத்தில் போகமாட்டார்கள், நான் விவரம் தெரிந்து போகவில்லை. டாக்டரிடம் போனால் அதற்கு ஒரு பெயர் வைப்பார். பெயர் வைத்த நோயைக் காப்பீட்டுக்காரன் பாலிசியிலிருந்து தனியே வெட்டி வெளியே வைத்துவிடுவான். பெயர் வைக்காத ஒன்றை நாமே நேர்மையாக எழுதிக் கொடுத்தால், அவன் ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும். ஏற்றபிறகு நாளைக்கு எதுவும் பேச முடியாது. முப்பத்தொரு வருஷத்தில் நான் கண்டுபிடித்த ஓட்டை இது. இந்த ஓட்டை வழியாக ஒரு விண்ணப்பக்காரராவது நுழைந்திருந்தால் நான் எழுந்து நின்று வணக்கம் வைத்திருப்பேன். "ஆம். ஒருமுறை. இரண்டு நிமிடம். மருத்துவரைப் பார்க்கவில்லை," என்று மணிமணியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மேலாளர் நேரில் பார்க்க வேண்டுமாம்.

என் பழைய தளம்தான். மேஜைகள் மாறியிருந்தன, நாற்காலிகள் மாறியிருந்தன, காகித வாசனை மட்டும் அப்படியே இருந்தது. மேலாளர் அறைக்குள் இருந்தது அழுமூஞ்சி. அந்தப் பெயரை வைத்தது நான். அவள் வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம், ஒரு கிளெய்மைப் பாஸ் பண்ணி என் மேஜைக்கு அனுப்பினாள். மகளைப் பார்க்க வெளிநாடு போன ஒரு பெரியவர், போன இடத்தில் மாரடைப்பு, பத்து நாள் ஆஸ்பத்திரி, பிறகு சாவு. விண்ணப்பத்தில் நெஞ்சு வலி இல்லை என்று எழுதியிருந்தார். எனக்கு என்னவோ உறுத்தியது. அவள் மேஜை இழுப்பறையைத் திறக்கச் சொன்னேன். அடியில் ஒரு மருந்துச்சீட்டு இருந்தது, நெஞ்செரிச்சலுக்கு. "வாயுத் தொல்லைதான் மேடம், அந்தம்மா அழறாங்க," என்றாள். எல்லாரும் பார்க்க அவளை எழுப்பி நிற்கவைத்தேன். நிராகரிப்புக் கடிதத்தை அவள் கையாலேயே எழுதவைத்தேன். அது போதாதென்று, பெரியவரின் மனைவிக்கு அவளையே போன் போடவைத்து, நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அழுதுகொண்டே பேசி முடித்தாள். காகிதத்தை ஒளிக்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாது, கோப்பில் கோர்க்க மட்டும்தான் நமக்கு உரிமை என்று அதற்குப் பிறகு ஒரு சொற்பொழிவு வேறு. கொடுமைதான். அன்றைக்கு அது கொடுமையாக எனக்குத் தோன்றவில்லை, நல்ல வேலையாகத் தோன்றியது.

"உக்காருங்க மேடம். காபி சொல்லட்டுமா?" என்றாள். முன்தலை நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். குரல் தேன் மாதிரி இருந்தது.

என் விண்ணப்பம் அவள் முன்னால் கிடந்தது. பதினேழாவது கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். அதுவும் நான் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

"இந்த ஒரு வரிய வச்சுக்கிட்டு நான் கையெழுத்து போட முடியாது மேடம். போன வருஷம் விதி மாத்திட்டாங்க. காரணம் தெரியாத மயக்கம்னா தலைக்கு ஸ்கேன், இதயத்துக்கு ஒரு பரிசோதனை, ரெண்டும் வேணும். எப்படியும் ஒரு மாசம் ஆயிடும்."

என் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நான் ஓய்வுபெற்ற பிறகும் உலகம் நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த நாற்காலியில்தான் எனக்கு உறைத்தது.

"கப்பல் அடுத்த வாரம்," என்றேன். என் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. "நான் எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணுதான்." கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். முப்பத்தொரு வருஷம் அந்தக் கெஞ்சலை மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் வந்து பார்த்தால் நாக்கு தானாகவே அந்த வார்த்தைகளைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

அவள் என் விண்ணப்பத்தை ஒருபுறம் நகர்த்தினாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, வெற்று விண்ணப்பம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினாள். பேனாவையும் மூடி கழற்றியே கொடுத்தாள்.

"புதுசா ஒண்ணு எழுதிடுங்க மேடம். மயக்கம் எல்லாருக்கும்தான் வருது. சாப்பிடாம இருந்திருப்பீங்க."

நான் இத்தனை செய்தும் இவள் என்னிடம் இரக்கம் காட்டுகிறாளே என்று உள்ளுக்குள் குறுகிப்போனேன். பெயர், வயது, முகவரி, எல்லாம் மறுபடி எழுதினேன். பதினேழில் "இல்லை" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் விண்ணப்பத்தில் நான் எழுதிய முதல் பொய். மூன்று எழுத்துதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் அதை வாங்கி, பழைய விண்ணப்பத்தையும் எடுத்து, இரண்டையும் விளிம்பு தட்டி ஒன்றாகச் சேர்த்தாள். துளைக்கருவியில் வைத்து ஒரே அழுத்து. நூலைக் கோர்த்துக் கோப்பில் கட்டினாள். மேலே புதியது, அடியில் பழையது. நூல் முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

"பழச கிழிச்சுப் போட்டுடலாமே," என்றேன்.

"கிழிக்கறதா?" அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்களா மேடம் சொல்றீங்க?"

நான் பேனாவை மூடி அவள் பக்கம் வைத்தேன்.

"பாலிசி இன்னிக்கே கைக்கு வந்துடும். அறை போகாது. நல்லபடியா போயிட்டு வாங்க. ஒண்ணும் ஆகலேன்னா இந்தக் கோப்ப யார் திறக்கப் போறாங்க?" சிரித்தாள். "ஏதாவது ஆச்சுன்னா உங்க பையனுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். எனக்கு இப்பெல்லாம் அழுகை வர்றதில்ல."

மேலே 'இல்லை', அடியில் 'ஆம்': எனக்கு ஏதாவது ஆனால் கிளெய்மை வெட்ட அது போதும். ஒரு நொடி அவளை அறையலாம் போலிருந்தது. அடுத்த நொடி, சே, என்ன கச்சிதமான வேலை என்று மெச்சத் தோன்றியது. அவளை நான்தானே செய்தேன். அந்த இடத்திலேயே விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஸ்கேன் எடுத்துக்கொண்டு அடுத்த வருஷம் போயிருக்கலாம். அவள் எதிரில் தோற்றுப்போய் எழுந்து வர எனக்கு மனசு வரவில்லை. பாலிசியை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிமா," என்று சொல்லிவிட்டு வந்தேன். வீம்புக்கு மருந்து எந்தக் கடையிலும் கிடையாது.

இடையில் டாக்டரைப் பார்க்கலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பார்த்தால் மூன்றாவது காகிதம் ஒன்று பிறக்கும். தேதியோடு பிறக்கும். பார்க்கவில்லை.

புறப்படும் நாள், கப்பலில் ஏறி, அறையில் பெட்டியை வைத்துவிட்டு, ஐந்தாம் தளத்துச் சாப்பாட்டுக்கூடத்துக்கு இறங்கினேன். என்ன அழகு! முழங்கால் உயரத்திலிருந்து கூரை வரை கண்ணாடி. காகிதத்தில் இதை எவரும் எனக்கு எழுதவில்லையே என்று இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் கேட்டேன். அது வந்து, முதல் வாய் குடித்ததும், மேஜை மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. பிறகு கூடம் முழுக்கச் சாய்ந்தது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஆரம்பத்துலயே இப்படி ஆடுதே கப்பல்," என்றேன், தேநீர் கொண்டுவந்த பெண்ணிடம், சிரித்தமாதிரி.

"இன்னும் கிளம்பவே இல்லியேம்மா. அரை மணி நேரம் இருக்கு." அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா? கீழயே டாக்டர் இருக்காங்க, கூப்பிடட்டுமா?"

கப்பல் டாக்டர்களின் குறிப்புகளை நான் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். நேரத்தோடு எழுதுவார்கள். நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவார்கள். இதற்கு முன் வந்ததுண்டா என்று கட்டாயம் கேட்பார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ போ."

அவள் போய்விட்டாள், இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே. எழுந்து பார்த்தேன், கால் என் சொல் கேட்கவில்லை. உட்கார்ந்துகொண்டேன். கோப்பையில் தேநீர் அசையாமல் நின்றது. கண்ணாடிக்கு வெளியே கரைக்குப் போட்டிருந்த பாலத்தில் ஒருவர் கடைசிப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஏறினார். இறங்க வேண்டுமென்றால் இப்போதே யாரையாவது கூப்பிட வேண்டும். பக்கத்து மேஜையில் ஒரு தம்பதி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கை தட்டினால் திரும்புவார்கள். விளிம்பிலிருந்து கையை எடுத்தால் விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அரை மணி நேரம் அப்படியே கரைந்தது. கீழே ஆரஞ்சுச் சட்டை போட்ட துறைமுக ஆட்கள் இரண்டு பேர் வந்து, பேசிச் சிரித்தபடி பாலத்தின் சங்கிலியை மாட்டி இழுத்தார்கள். கரைச் சுவருக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர் தெரிந்தது. பிறகு ஒரு முழம்.