நிலாவெளியில் மறைந்த சூரியன்

அருந்ததி தன் அக்காவுக்குச் சொன்ன முதல் பொய் ஹிக்கடுவைக் கடல். அதற்குப் பிறகு காலி, தங்காலை, கற்பிட்டி, மட்டக்களப்பு, நிலாவெளி என்று தீவைச் சுற்றிக் கரைக்குக் கரை பொய் சொல்லியிருந்தாள். பொல்லாதவள் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். பஸ்ஸில் ஒருமுறை ரிக்கற் எடுக்க மறந்து இறங்கியதற்காக, மறுநாள் அதே கொண்டக்டரைத் தேடிப் பிடித்த பெண் அவள்.

அக்கா சுபோதினி எண்பத்தொன்பதில் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாள். கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அப்பா, அம்மா, அருந்ததி மூன்று பேரும் மிஞ்சினார்கள். பிறகு அப்பா பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்தார். அவர் போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. இரண்டு பேரையும் தூக்கிக் கழுவித் துடைத்ததில் அருந்ததிக்கு இருபத்தைந்து வருடம் எங்கே போனது என்றே தெரியவில்லை. சுபோதினி ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் அழுவாள்.

"உன்னை வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிப்போட்டு நான் இஞ்ச வந்து இருக்கிறன். நீ ஒரு இடம் வலம் போறேல்லை. என்னால நித்திரை கொள்ள ஏலாமக் கிடக்கு, அருந்தி."

"ஆர் சொன்னது போறேல்லை எண்டு?" என்றாள் அருந்ததி ஒரு ஞாயிறு, அந்த அழுகை பொறுக்காமல். "போன கிழமை கந்தோர் ஆக்களோட ஹிக்கடுவைக்குப் போனனான். என்ன கடல் தெரியுமே!"

அழுத பிள்ளைக்குப் பழத்தைக் காட்டியதுபோல அந்தப் பக்கம் அழுகை நின்றது. மருந்து வேலை செய்கிறது என்று கண்டபிறகு எந்தத் தாதி அதை நிறுத்துவாள்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தை நடத்தலாமென்றால், பத்துப் பொய் சொல்லி ஒரு அக்காவை நித்திரை கொள்ள வைக்கக்கூடாதா என்று அருந்ததி தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

சரக்குக் கொடுத்தவள் ஜவாஹிறா. அருந்ததி தட்டச்சு வேலை பார்த்த சட்டத்தரணியின் கந்தோரில் பக்கத்து மேசைக்காரி, கொம்பனித்தெருப் பெண். புருஷனுக்கு லீவு கிடைத்தால் போதும், பிள்ளைகளையும் சோற்றுச் சட்டியையும் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவாள். திங்கள் மதியம் சாப்பிடும்போது அவள் வாய் ஓயாமல் சொல்வதையெல்லாம் அருந்ததி பொறுக்கி வைத்து, ஞாயிறு வந்ததும் தன்னுடையதாக ரொறன்ரோவுக்கு அனுப்பிவிடுவாள். உண்மையில் அவள் கண்டது இரண்டு கடல்தான். சின்ன வயதில் கீரிமலை. பிறகு வெள்ளவத்தை.

அம்மா செத்து இரண்டு வருடமாகிறதே, இப்போதாவது போயிருக்கலாமே என்று கேட்கலாம். போயிருக்கலாம். ஆனால் தனக்காக மட்டும் ஒரு பையை அடுக்கி, தனக்காக மட்டும் ஒரு கதவைப் பூட்டிப் பழக்கமில்லாதவளுக்கு அது லேசில்லை.

இந்தப் பங்குனியில் சுபோதினி மூன்று கிழமைக்கு வந்து இறங்கினாள். அம்மாவின் செத்தவீட்டுக்கு நாலு நாள் வந்து போனதை விட்டால், முப்பத்தைந்து வருடத்தில் இதுதான் அவள் வரவு. இறங்கிய மறுநாளே குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சுத்திவர எல்லாக் கடலும் பாக்கவேணும். நான் கைட் ஒருத்தரும் பிடிக்கேல்லை. உனக்குத்தானே எல்லாக் கரையும் தண்ணிபட்ட பாடு. நீதான் கூட்டிக்கொண்டு போகவேணும்."

பிடிபட்டால் வரும் வெட்கத்தை அருந்ததி தாங்கிக்கொள்வாள். ஆனால் அக்காவின் இருபது வருட நித்திரை அந்தப் பொய்களின் மேல்தான் விரித்துக் கிடந்தது. தங்கச்சி ஒருநாளும் எங்கும் போகவில்லை என்று தெரிந்தால், அறுபது தாண்டிய மனுசி மிச்ச நாளையெல்லாம் அழுதே தீர்த்துவிடுவாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரே வான்காரன் கொட்டாஞ்சேனைப் பிறெடி. அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்கியவன் அவன்தான். அந்த வானில் அருந்ததி போன ஆகத் தூரமான ஊர் களுபோவில. அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து அவனுக்குப் போன் எடுத்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அப்ப எல்லா எடமும் நீங்க போன மாதிரி நான் காட்டிக்கணும். அவ்வளவுதானே மிஸ்?" என்றான் பிறெடி. "வழியில என்னென்ன வரும்னு முதல் நாளே சொல்லித் தந்துர்றேன். ஆனா பொய்க்குத் துணை போறதால கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியாருக்கு ரெண்டு மெழுகுதிரி கொளுத்திட்டுத்தான் வானை எடுப்பேன். ஒண்டு உங்க பேர்ல."

அந்தோனியார் கைவிடவில்லை. ஹிக்கடுவையில், "இந்த இடத்தில ஆமை வரும்," என்று அருந்ததி பிறெடி சொல்லிக்கொடுத்தபடியே ஒப்புவித்தாள். வாய் மூடுவதற்குள் பாயளவு ஆமை ஒன்று பாசி தின்ன முழங்கால் தண்ணிக்கு வந்துவிட்டது. சுபோதினி சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினாள். அருந்ததிக்கும் தட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் பலமுறை ஆமை கண்டவள் தட்டக்கூடாது அல்லவா? கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்கள் மட்டும் அந்த ஆமையை விட்டு அகலவில்லை.

தங்காலையில் நிலைமை கொஞ்சம் இறுகியது. முன்பு தங்கியதாகச் சொன்ன விடுதியைக் காட்டு என்றாள் அக்கா. அருந்ததி தங்கிய விடுதிகளெல்லாம் அதிசயமாக ஒன்றுவிடாமல் இடிபட்டுப் போயிருந்தன.

"இதிலதான் எங்கயோ இருந்தது. இடிச்சுப்போட்டாங்கள் போல."

"ஓம், இருக்கும்," என்றாள் சுபோதினி உடனே. "இல்லாட்டி அடுத்த ஒழுங்கையாக்கும். எத்தினை வருசம், ஆருக்கு ஞாபகம் நிக்கும்?"

அக்கா இவ்வளவு லேசாக நம்புகிறாளே என்று அருந்ததிக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டில் இருந்த காலத்தில் மீன்காரனின் தராசைக்கூட நம்பாதவள் சுபோதினி. அந்த நினைவு வந்திருந்தால் அப்போதே உசாராகியிருக்கலாம்.

நாட்கள் போகப் போக அருந்ததிக்குள் ஒரு திருட்டுச் சந்தோஷம் ஊறத் தொடங்கியது. வழிகாட்டியாக நடிப்பதற்கு நடுவில், முதன்முதலாகப் பார்க்கிற கண்ணுக்கும் தீனி கிடைத்தது. தெற்குக் கடல் அலை ஆள் உயரத்துக்கு எழும்பி உடைவதைப் பார்த்து, அக்கா வெளிநாட்டிலிருந்து வந்தவளா தான் வந்தவளா என்று அவளுக்கே மயக்கமாக இருந்தது. பொத்துவிலில் மதியச் சாப்பாடு. மட்டக்களப்புக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. மறுநாள் வெயில் ஏறியபிறகுதான் எழும்பினார்கள். பின்னேரம் நாலரைக்கு வான் நிலாவெளியில் நின்றது.

அப்படி ஒரு கடலை அருந்ததி நினைத்தும் பார்த்ததில்லை. அலை என்று சொல்லவே ஒன்றுமில்லை. குளம் மாதிரிக் கிடந்தது. வெள்ளவத்தைக் கடலுக்கு வாய் ஓயாது. இது வாயே திறக்காத கடல். இரண்டு பேரும் மணலில் சேலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பிறெடி கொஞ்சம் தள்ளி வானில் சாய்ந்துகொண்டு தேத்தண்ணி குடித்தான். அக்கா, தங்கச்சி, கடல். வேறு ஒரு சனமில்லை.

"கொஞ்சம் பொறு அக்கா," என்றாள் அருந்ததி, இப்போது தானாகவே வந்துவிட்ட வழிகாட்டிக் குரலில். "சூரியன் இறங்கிற நேரம்தான் இஞ்ச வடிவு. நான் உனக்குச் சொன்னனான் எல்லே?"

"சொன்னனீ," என்றாள் சுபோதினி.

பொறுத்திருந்தார்கள். ஆறு மணியாகப் போகிறது. கடலின் மேல் சூரியனைக் காணோம். முகில் மறைக்கிறதா என்று பார்த்தால் முகிலும் இல்லை. அப்போதுதான் அருந்ததி மணலைக் கவனித்தாள். அவளுடைய நிழலும் அக்காவின் நிழலும் அவர்களுக்கு முன்னால் நீண்டு, ஈர மணலைத் தாண்டித் தண்ணிக்குள் போய்க்கொண்டிருந்தன. வெள்ளவத்தையில் பின்னேரம் கடலைப் பார்த்து நின்றால் நிழல் பின்னால், ரெயில் றோட்டுப் பக்கம் அல்லவா விழும்?

திரும்பிப் பார்த்தாள். சூரியன் முதுகுக்குப் பின்னால், பனைகளுக்கு நடுவில், தரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளவத்தைக்காரிக்குக் கடல் என்றால் சூரியன் விழுகிற இடம். எந்தக் கடலானாலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த கிழக்கும் மேற்கும் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. நிலாவெளிக் கதையில் கடலும் மணலும் ஜவாஹிறா தந்தவை. சூரியன் மட்டும் அருந்ததியின் சொந்தச் சரக்கு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவள் மெதுவாக அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சுபோதினி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'அப்பிடியே கடலுக்குள்ள இறங்கினது அக்கா'," என்றாள் சுபோதினி, தங்கச்சி அன்று போனில் சொன்னதை ஒரு சொல் பிசகாமல். "'தோசைக்கல்லில தண்ணி தெளிச்ச மாதிரி ஸ்ஸ் எண்டு சத்தம் வருமோ எண்டு காதைக் குடுத்துக்கொண்டு நிண்டனான்.' பன்ரெண்டாம் ஆண்டு, ஆவணி மாசம். போனை வைச்சிட்டுத்தான் யோசிச்சனான், நிலாவெளி கிழக்குப் பக்கமெல்லோ எண்டு."

அருந்ததி கேட்டாள்: "அண்டைக்கே தெரியுமே?"

"அண்டைக்கே தெரியும். அது பொய் எண்டால் மற்றதும் பொய் எண்டு விளங்க எவ்வளவு நேரம் செல்லும்?"

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீ உண்மையைச் சொல்லியிருப்பாய். சொன்னா நான் வரவேண்டி வந்திருக்கும். வந்து உன்ர முகத்தைப் பாத்தா திரும்பிப் பிளேன் ஏற ஏலாமப் போயிடும் எண்டு பயந்தனான்." சுபோதினி இந்த முறை அழவில்லை. "நீ எனக்காகப் பொய் சொன்னனீ. நான் எனக்காக அதை நம்பின மாதிரி இருந்தனான். மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்லை, தங்கச்சி."

அருந்ததி எழுந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடமும் அம்மாவின் மலச்சட்டியைக் கழுவி வைத்த கையோடு போனை எடுத்து, கடலும் காற்றும் சங்கும் சோகியுமாக அளந்த தன் குரல் அவளுக்குக் கேட்டது. கேட்டவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறாள். சேலையைத் தூக்காமலே தண்ணிக்குள் இறங்கி முழங்காலளவில் நின்றாள். பிறெடி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

கடல் வெதுவெதுப்பாக இருந்தது. அம்மாவைத் துடைக்க விளாவி வைக்கும் தண்ணியின் சூடு அது. கோபத்தைப் பிடித்து வைத்திருக்கவே முயன்றாள். ஆனால் அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை.

தண்ணி சலசலத்தது. சுபோதினியும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அண்டைக்கு உண்மையா எங்க நிண்டனீ?"

அருந்ததி சொன்னாள். "வெள்ளவத்தையில. ரெயில் றோட்டுக்கு அங்கால, கல்லுக்கு மேல. பக்கத்து வீட்டு இராமலெட்சுமி அக்காவை அம்மாவுக்குப் பக்கத்தில இருத்திப்போட்டுக் கால் மணித்தியாலம் ஓடி வந்தனான். அந்தச் சூரியன் பொய்யில்லை. கரைதான் பொய்."

"அது எனக்குத் தெரியும்," என்றாள் சுபோதினி. "மற்றதெல்லாம் பாடமாக்கிச் சொன்ன மாதிரி இருக்கும். அதைச் சொல்லேக்க மட்டும் உனக்கு மூச்சு வாங்கினது."

அருந்ததி அழுதாள். அம்மா செத்தபோதுகூட இப்படி அழவில்லை. அக்கா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் பனைகளுக்குள் சூரியன் இறங்கி முடிந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

விடிய ஐந்தரைக்கு அருந்ததிதான் கதவைத் தட்டி அக்காவை எழுப்பினாள். இரண்டு பேரும் மணலில் வந்து உட்கார்ந்தார்கள். கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. கடலின் விளிம்பில் ஒரு சிவப்புக் கீற்று எழும்பியது. அருந்ததியின் ஐம்பத்தெட்டு வயதில், சூரியன் கடலுக்குள் இருந்து வெளியே வருவதை அவள் காண்பது இதுதான் முதல் தரம்.

சுபோதினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சொல்லு அருந்தி," என்றாள். "முந்திச் சொல்லுறனீயே, அந்த மாதிரிச் சொல்லு. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

அருந்ததி வாயைத் திறந்தாள். இருபது வருடமாகக் காணாத கடலையெல்லாம் மடை திறந்ததுபோலச் சொன்னவளுக்கு, கண்ட கடலைச் சொல்ல ஒரு சொல் வரவில்லை. சூரியன் பாதி மேலே வந்துவிட்டது. அவள் கையை நீட்டி அக்காவின் முகத்தைக் கடல் பக்கமாகத் திருப்பினாள்.

"இனி நான் சொல்லமாட்டன், அக்கா. கண்ணைத் திற. நீயே பார்."

சுபோதினி கண்ணைத் திறந்தாள்.