ஆணி அடித்த அணு

காலை பத்து மணிக்கு, அறிக்கைக்கு ஓர் எண் தேவைப்பட்டுப் பழைய கணினிக் கணக்குக் கோப்பைத் திறந்தவள், நிக்கல் அணுவின் வரியைப் பார்த்ததும் அப்படியே உறைந்துவிட்டேன். வரியின் கடைசியில் ‘அசையாதே’ என்ற கட்டளை இருந்தது. சோதனைக் கணக்கு சீக்கிரம் முடியட்டும் என்று நானே போட்டது. எடுக்க மறந்திருக்கிறேன். எட்டு மாதமாக மறந்திருக்கிறேன், மகராசி!

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க உதவும் வினையூக்கி எங்களுடையது. உலோகம் கட்டியாக இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்ட அணுக்களுக்கு வேலையே இல்லை. மெல்லிய கரிமத் தகட்டின் மேல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக உட்காரவைத்தால் ஒன்றுகூடச் சும்மா இருக்காது. ஆனால் அவை சொன்ன இடத்தில் இருக்குமா? ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். நான்கு நைட்ரஜன் அணுக்களால் இருக்கை செய்தால் நிக்கல் அதைவிட்டு எழாது என்று என் கணக்கு சொன்னது. அதை நம்பி, அந்த மாதிரியைச் செய்யக் கீழ்த்தளத்து உலையோடு எட்டு மாதம் வெந்தவர் என் வீட்டுக்காரர். இரண்டு பேர் பிழைப்பும் இந்த ஒரே திட்டத்தில்தான். அன்று பத்தரைக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். கட்டி தெரிந்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

படியிறங்கி ஓடினேன். நுண்ணோக்கி அறை வாசலில் மாதிரிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஆணி அடிச்சு உக்கார வச்சுட்டு, எந்திரிக்கவே மாட்டேங்குதுன்னு சந்தோஷப்பட்டியா?”

“ஆமா.”

“வீடா இருந்தா கத்தியிருப்பேன். இங்க அதுக்கும் வழியில்ல.”

உண்மைதான். பேச்சுச் சத்தத்துக்கே படம் ஆடிவிடும். அதனால்தான் அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு ‘உஷ்’ என்று பெயர். இருமலைக்கூட வெளியே போய் முடித்துவிட்டு வரச் சொல்வார். கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து எங்களை உள்ளே விட்டார்.

திரையில் முதலில் வெறும் சாம்பல் மூட்டம். உஷ் குமிழைத் திருகத் திருக, மூட்டம் விலகி இருட்டு வந்தது. இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு நிக்கல் அணு. இன்னொன்று. பிறகு திரை முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றும் தனியாக. கட்டி எங்கேயும் இல்லை. ஆறு வருடமாக அணுக்களை எண்களாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயோ, இவ்வளவு சின்னதா நீ!

“ஒரு துளி இடம்தான பாத்திருக்கோம்,” என்று என் காதில் கிசுகிசுத்தார் என் வீட்டுக்காரர்.

அப்போது ஓரத்தில் இருந்த ஒரு புள்ளி இடம் மாறியது. சில நொடிக்கொரு முறை வரும் அடுத்த படத்தில் பக்கத்துப் புள்ளியை நெருங்கியிருந்தது. போச்சு, ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். அடுத்த படம் வந்தது. புள்ளி புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருந்தது.

“அடேயப்பா!” என்று கத்தினார் உஷ்.

திரை முழுக்கக் கோடுகளாக நெளிந்தது. உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நெளிவு மெல்ல அடங்கியது. யாரும் ஆணி அடிக்காத அந்தப் புள்ளி, தன் இடத்திலேயே இருந்தது.