வாலில் வைத்த பொட்டு

ஏறிக்கொண்டே இருக்கிறது, என்னைவிட உயரமான வெள்ளைப் பலூன், சூரியன் வராத நண்பகல் இருட்டுக்குள், கீழே ஒரு நூலில் அந்தச் சின்னக் கருவிப் பெட்டி ஆடி ஆடிப் போகிறது, நான் கழுத்து நோக அண்ணாந்து நிற்கிறேன், நிற்கிறேனா, இல்லை, காருக்குள் இருக்கிறேன், மகள் ஆரணி ஓட்டுகிறாள், பனிப் பாதையை விளக்கு தடவித் தடவிப் போகிறது, ஆனாலும் கண்ணை மூடினால் பலூன்தான் ஏறுகிறது, அதனால் கண்ணை மூடவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேல ஒரு காற்று இருக்குது அப்பா, என்று அவள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள், நோர்வேயின் இந்த வடக்கு முனையில் பிறந்து மேல் வானத்துக் காற்றைப் படிக்கிறவள், விமானம் போற உயரத்துக்கும் மேல, குளிர் மாரி முழுக்கத் துருவத்தைச் சுத்தி மேற்கில இருந்து கிழக்கா ஓடிக்கொண்டே இருக்கும், சில வருசம் திடீரெண்டு களைச்சு நிண்டு மற்றப் பக்கம் திரும்பும், திரும்பேக்க அங்க உள்ள குளிர் மளமளவெண்டு சூடாகும், அந்த நேரம் பாத்துப் பலூன் விட்டாத்தான் ரெண்டையும் பிடிக்கலாம். எங்கட வாடைக் காத்து போய்ச் சோழகக் காத்து வாற மாதிரியோ, என்று கேட்டேன், பருத்தித்துறைக்காரனுக்கு வேறு என்ன தெரியும், அவள் சிரித்தாள், கொஞ்சம் அப்பிடித்தான், இந்த முறை விடுறது என்ர பலூன் அப்பா, பெரிய பலூனில இந்த வருசத்துக்கு அது ஒண்டுதான் மிச்சம், சரியா வந்தாச் சித்திரைக்குப் பிறகும் என்னை வேலையில வைச்சிருப்பினம், நீங்களும் வந்து பாருங்கோ.

வந்தேன், வராமல் இருந்திருக்கலாம். என் மனைவி லோசினிக்கு முழங்கால் நோவு, அவள் வரவில்லை, பதிலுக்குச் சந்தனத்தைக் குழைத்து ஒரு தாளில் மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தாள், இஞ்சாருங்கோ, அது மேல போக முதல் ஒரு பொட்டு வைச்சுவிடுங்கோ, பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக்கும் பொட்டு, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கும் பொட்டு, ஆரணியின் முதல் கணினிக்குப் பொட்டு வைத்தபோது, தலையிடி வந்தாத் தைலமும் பூசிவிடு, என்று நான் அவளைக் கிண்டலடித்தேன், கோயிலுக்குப் போனால் வாசலில் நின்று செருப்புக்குக் காவல் இருக்கிறவன் நான். ஆனால் அங்கே, கடலோர ஆய்வுக் கொட்டிலுக்கு வெளியே, பிள்ளை பலூனுக்கு வாயு நிரப்பிக்கொண்டிருக்கிறாள், கட்டின முடிச்சையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறாள், பெட்டியைக் கொஞ்சம் பிடியுங்கோ அப்பா, என்று தந்துவிட்டுத் திரும்பி நிற்கிறாள், எந்தச் சாமியாவது இருந்தால் இப்போது பார்க்கட்டும் என்று தோன்றுகிறது. சந்தனம் கல்லாகிவிட்டிருந்தது, எச்சில் தொட்டுக் குழைத்துப் பெட்டியில் வைத்தேன், வெள்ளைப் பெட்டியில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது, அந்த நேரம் பார்த்து அவளுடைய மேலதிகாரி இங்கபொர்க் நெற்றியில் விளக்கோடு கதவைத் திறந்து வந்தாள், இதென்ன காட்டுமிராண்டி வேலை என்று நினைப்பாளே, அவசரமாகச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, பெட்டியிலிருந்து பூனை மீசைபோல நீண்டிருந்த மெல்லிய கம்பி வாலின் நுனியில், யாருக்கும் தெரியாத இடத்தில், மிச்சத்தை ஒற்றினேன். வாலைத் தொடக்கூடாது என்று ஆரணி சொல்லவில்லை, அதைத் தொட ஒருவனுக்குத் தோன்றும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

பலூன் போகிற போக்கைப் பார்த்துக் காற்றை அறிவார்களாம், சூட்டை அறிவது அந்த வால். கொட்டிலுக்குள் திரையில் இரண்டு கோடுகள் வளர்கின்றன, காற்றுக் கோடு மேலே போகப் போக இளைத்து, நின்று, மற்றப் பக்கம் சாய்கிறது, எல்லாரும் கை தட்டுகிறார்கள், நானும் தட்டினேன், சூட்டுக் கோடு மட்டும் தொடக்கத்திலிருந்தே குடிகாரன் நடைபோலப் போகிறது, ஒருவரும் அதைப் பார்க்காதமாதிரிப் பார்க்கிறார்கள். வாலில் ஏதோ பட்டிருக்கிறது, இங்கபொர்க் நோர்வே மொழியில் சொன்னாள், பெட்டியைப் பிடித்தது யார். எனக்கு விளங்கியது, மீன் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு அது விளங்காதா, பதிலும் வாய்க்குள் இருந்தது. ஆரணி என் கையைப் பார்த்தாள், விரல் நுனி மஞ்சளைப் பார்த்தாள், நான்தான், கையுறை இல்லாமல் பிடித்துவிட்டேன், என்றாள். இங்கபொர்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், சரி, அடுத்ததை வேறு யாராவது விடட்டும், மிக மரியாதையாகச் சொன்னாள். நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன், சீனி போடாத கோப்பியை.

கையைத் துடையுங்கோ அப்பா, என்று காரில் ஏறியதும் ஈரத்தாளை நீட்டினாள், நான் துடைக்கிறேன், மஞ்சள் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருக்கிறேன், லோசினியின் அழைப்பு வருகிறது, காருக்குள் அவள் குரல் பெரிதாகக் கேட்கிறது, எப்பிடி, நல்லா வந்ததோ. பாதிதான் அம்மா, என்கிறாள் ஆரணி. பொட்டு வைச்சனீங்களோ, என்று லோசினி என்னைக் கேட்கிறாள், உண்மையைச் சொன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுவாள், மறந்துபோனன், என்கிறேன். அதுதானே பாத்தன், ஒரு பொட்டு வைக்க வழியில்லாத மனுசனை நம்பி அனுப்பினனே, பிள்ளையின்ர வேலைக்கு ஏதும் வந்தா நீங்கள்தான் பொறுப்பு. ஓம், நான்தான், என்றேன், அன்றைக்கு அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

காரைத் திருப்பு பிள்ளை, நான் போய்ச் சொல்லுறன், எனக்கும் அவையின்ர பாசை தெரியும்தானே. அவள் திருப்பவில்லை. வேண்டாம் அப்பா, நீங்கள் சொல்லிப்போட்டு வீட்ட போயிடுவியள், நாளைக்கும் அவையோட இருக்கிறது நான். கொஞ்ச தூரம் போனபின், தெருவைப் பார்த்தபடியே, கவனமில்லாதவள் எண்டு நினைச்சாப் பரவாயில்லை, இது தெரிஞ்சா எனக்கு வெக்கமாக் கிடக்கும், என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன், அதில் ஒரு ஓரமாகப் பெருமைகூடப் பட்டிருந்தேன். எனக்கும் அதுதான் பிள்ளை, என்று சொன்னேன், முதல் பெட்டியிலதான் வைச்சனான், இங்கபொர்க் பாத்திடுவா எண்டு வெக்கப்பட்டு அழிச்சுப்போட்டுத்தான் வாலில வைச்சனான்.

ஆரணி காரை ஓரமாக நிறுத்தினாள். என் கையிலிருந்த ஈரத்தாளை வாங்கி மடித்தாள்.

பெட்டியிலயே விட்டிருந்தா ஒண்டும் ஆகியிராது அப்பா, என்றாள்.